மௌனத்தில் இருப்பவளுக்கு

சேரங்கோடு
12 மார்ச் 2024

இல்லை வர்ஷா, பயமெல்லாம் இல்லை. நீ இதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும். யானை எஸ்டேட் லயத்து வீடுகள் பக்கம் வருகிறது, பலாப்பிஞ்சை முகர்ந்து பார்க்கிறது, போகிறது. அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு, “வந்துட்டுப் போகட்டும். அதுக்கு மட்டும் லீவா இருக்குது?” என்கிறார். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். எல்லாவற்றையும் லீவில்தான் அளப்பார்.

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கங்கைக் கரைக் குளிர் காது வழியாக இறங்கும். மப்ளரைக் கட்டிக்கொள்.

இங்கே டவர் கிடையாது. மேட்டு ரோட்டுக்கு ஏறினால் ஒரு கோடு தெரியும். எட்டு மாத வயிற்றோடு அம்மா ஏற விடுவதில்லை. உன் போனை யோகா பள்ளியில் வாங்கிப் பூட்டியிருப்பார்கள். ஆகவே கடிதம். நான் அங்கே படித்தபோதும் இப்படித்தான். பதில் வருவதற்குள் கேள்வி மறந்துவிடும். அது நல்லது என்பார் நம் குரு மாதாஜி.

குன்னூரில் நம் மேல்மாடி ஹாலைப் பூட்டிவிட்டு வந்தேன். ஆவணியில் திறப்பேன் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். திறக்கும்போது அது பள்ளியின் கிளையாக இருக்கும். மாதாஜி வாக்குக் கொடுத்திருக்கிறார். நீலகிரிக்கு ஒரே கிளை. நான் நடத்த, நீ என்னோடு நிற்க. உன்னை அங்கே அனுப்பச் சொல்லி உன் அண்ணனோடு நான் போட்ட சண்டையெல்லாம் அதற்குத்தான். “கல்யாணத்துக்கு நிக்கற புள்ளைய ரிஷிகேசுக்கு அனுப்பறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?” என்றார். “சாமியாராப் போயிட்டாள்னு பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டும்” என்றேன்.

இத்துடன் டஸ்ட் டீ ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அங்கே டீ கூடாது. ஒளித்துக் குடி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்பைப் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒரு ஆள் இருக்கிறது.

அண்ணி,
ராஜப்ரியா


ரிஷிகேஷ்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு, வர்ஷா எழுதுவது. சளியைத் தவிர எல்லாம் நலம். நீங்களும் உள்ளே இருக்கும் ஆளும் நலமா?

டீ மாட்டிக்கொண்டது. அறைத்தோழி ரேஷ்மாவும் நானும் குளிக்க வைத்த வெந்நீரில் போட்டுக் குடித்தோம். மறுநாள் வகுப்பில் மாதாஜி கண்ணை மூடியபடியே, “யார் அறையில் நீலகிரி?” என்று கேட்டார். ரேஷ்மா சிரித்துவிட்டாள். தண்டனை, பாத்திரம் தேய்ப்பது.

நேற்று மாதாஜி என் முதுகைத் தொட்டு, “ராஜப்ரியா இப்படித்தான் நிற்பாள்” என்றார். அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தேன். ஆற்றங்கரையில் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியபோதும் நிமிர்ந்தே நின்றேன்.

அண்ணன் எழுதியிருந்தார். மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை வீட்டார் மறுபடி கேட்கிறார்களாம். படித்துவிட்டு வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.

ஜூனில் பத்து நாள் மௌனம். பிறகு சான்றிதழ். பிறகு வீடு.

அம்மா அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். குனிந்து எதையும் எடுக்காதீர்கள்.

வர்ஷா


சேரங்கோடு
5 மே 2024

அன்புள்ள வர்ஷா,

பெண். உன் அண்ணன் எழுதியிருப்பார். பங்குனி முடிவதற்குள் வந்துவிட்டாள். தலைச்சன் பிள்ளை சித்திரையில் பிறக்கவில்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. உன் சளி போனதா? எனக்கு இடுப்பு வலி. மற்றபடி நலம் என்றுதான் எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆன்சி சேச்சி கூடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடவே இருந்தாள். “மோளே, நீயல்லே யோகா டீச்சர்? மூச்சு விடு” என்றாள். “எந்த மூச்சுடி!” என்று கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்டதாம். இப்போது குழந்தையைக் குளிப்பாட்ட வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

உன்னிடம் சிரிக்க வேண்டியதில்லை.

வயிற்றுப் பிள்ளையோடு வந்த எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன், வலி ஓர் அலை, மூச்சு ஒரு படகு என்று. எழுதவே கூசுகிறது. அந்த அறையில் படகு எதுவும் இல்லை. ஒரு மிருகம் கத்திக்கொண்டிருந்தது. அதன் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருந்தது.

பிறகு குழந்தையைக் காட்டினார்கள். பார்த்தேன். தூங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இன்றும் பல நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் அழுதால் யாருடைய குழந்தையோ அழுகிறது என்று ஒரு கணம் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல முடியாது. உன் அண்ணனிடமும் முடியாது.

இனி அந்த ஹாலில் போய் நின்று மூச்சை இழுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? முடியாது வர்ஷா. இனி என்னால் முடியாது.

இது உன்னோடு இருக்கட்டும்.

பாப்பாவின் அத்தைக்கு, பாப்பாவின் சார்பில் அன்பு. என் சார்பிலும்.

ராஜப்ரியா


ரிஷிகேஷ்
20 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். பாப்பாவுக்கு முத்தம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாத் தாய்க்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம். ரேஷ்மா சொன்னாள்.

மாதாஜி உங்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

வெயில் ஏறிவிட்டது. அதிகாலைப் பயிற்சியை ஆற்றங்கரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜூன் ஒன்று முதல் மௌனம். அதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

நன்றாகத் தூங்குங்கள். எதைப் பற்றியும் யோசிக்காதீர்கள்.

வர்ஷா


சேரங்கோடு
2 ஜூன் 2024

மௌனத்தில் இருப்பவளுக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. மௌனத்தில் இருப்பவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். முடிந்த பிறகு பிரித்துப் படி. அதுவரை சுகமாக இரு.

போன கடிதத்தில் முடியாது என்று எழுதினேன். அதை அடித்துவிடு.

நேற்று பாப்பா பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். வாய் திறந்தபடி. அவள் மூச்சு வேகம், என் மூச்சு நிதானம். இரண்டும் சேரவில்லை. சேர்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வெளியே பாக்டரி சங்கு ஊதியது. அம்மா அடுக்களையிலிருந்து, “கொழந்தையக் கீழ போடு கண்ணு, கை வலிக்கும்” என்றாள். போடவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அப்போதுதான் முதல்முறை செய்தேன் என்று தோன்றியது.

ஆகவே வருகிறேன். படகு, அலை எதுவும் சொல்ல மாட்டேன். இனி வேறு மாதிரி சொல்லிக் கொடுப்பேன். எனக்கு அது மட்டும் இருந்தால் போதும், வர்ஷா. பாப்பாவும் அந்த ஹாலும்.

மௌனம் முடிந்ததும் மாதாஜியிடம் நீ பேசும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: ராஜப்ரியா ஆவணியில் திறக்கிறாள்.

உன் அண்ணன் போன ஞாயிறன்று வந்தார். ஆனி முடிவதற்குள் முறைப்படி வந்து எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னார். பாப்பாவின் கால் விரலை எண்ணிவிட்டு, “சரியா இருக்குது” என்றார், ஏதோ ஸ்டோரில் சாமான் வாங்கியது போல.

காலை நீட்டி உட்காராதே, மாதாஜி பார்ப்பார்.

ராஜப்ரியா


சேரங்கோடு
14 ஜூலை 2024

வர்ஷாவுக்கு,

இன்னும் மௌனத்தில் இருக்கிறாயா? பத்து நாள் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். நீட்டித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் படித்த வருடமும் ஒருத்திக்கு நீட்டித்தார்கள். அவள் நன்றாக அமர்ந்தாள் என்பதால். நீயும் நன்றாக அமர்ந்திருப்பாய். கேட்க மாட்டேன்.

ஆனி முடிகிறது. யாரும் அழைக்க வரவில்லை. இன்று உன் அண்ணன் மட்டும் வந்தார்.

“தேதி அமையல ராஜி. இனி ஆடி. ஆடில தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகக் கூடாது. உனக்கே தெரியும்.”

“தெரியும். ஆனின்னு ஒரு மாசம் முழுசா இருந்துச்சே, அது உங்களுக்குத் தெரியலையாங்க?”

சிரித்தார். சிரிப்பு சரியில்லை. ஹாலை ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள், மழைக்குப் பூஞ்சை பிடிக்கும் என்றேன். விட்டாச்சு என்றார். அவர் இவ்வளவு பொறுப்பானவர் என்று எனக்குத் தெரியாது.

இங்கே தபால் பை வாரத்துக்கு இரண்டு முறைதான் போகிறது. அதனால் இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். குன்னூரில் போட்டால் சீக்கிரம் வந்து சேரும்.

தினமும் கொஞ்சம் பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன். வயிறு இன்னும் என் வயிறு இல்லை. பாப்பா பக்கத்தில் கிடந்து கால் உதைக்கிறாள். என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

சுகமாக இரு. பேசும் நாள் வந்ததும் பேசு.

ராஜப்ரியா


19 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பாப்பாவும் நீங்களும் நலம் என்று அண்ணன் மூலம் தெரிந்தது.

நீங்கள் நினைத்தது சரிதான். மௌனத்தை நீட்டித்திருக்கிறார்கள். அதிகம் எழுத முடியாது. மழை. துணி காய்வதே இல்லை.

பாப்பாவை இந்தக் குளிரில் வெளியே கொண்டுவராதீர்கள். ஆடி முடியட்டும்.

வர்ஷா


குன்னூர்
26 ஜூலை 2024

அன்புள்ள ராஜப்ரியா டீச்சருக்கு, உங்கள் மாணவி வனிதா வணக்கத்துடன் எழுதுவது. நலமா டீச்சர்? குட்டிப் பாப்பா நலமா? போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவே இல்லைங்க. நான் வேலை பார்க்கும் பேங்கில், உங்கள் கணக்கில் அம்மா ஊட்டு விலாசம் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

இத்துடன் பாப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர். வகுப்பில் இருக்கும் எல்லோரும் ஆளுக்குச் சில வரிசை பின்னினோம். கழுத்துப் பக்கம் கோணலாக இருந்தால் அது நான்.

வகுப்பு நன்றாக நடக்கிறது. ஜூலை பிறந்ததுமே வர்ஷா டீச்சர் ஹாலைத் திறந்துவிட்டார்கள். கிளை என்று போர்டும் வைத்தாயிற்று. உங்களை மாதிரியேதான் எண்ணுகிறார்கள், கண்ணை மூடினால் நீங்கள்தான். திறந்தால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் இனி வரப்போவதில்லை, உங்கள் கைப்படவே அப்படி எழுதினீர்கள் என்று முதல் நாளே சொன்னார்கள். பிரசவத்தில் மூச்சு விடவே மறந்து போனதையும், பாப்பாவைப் பார்த்துப் பாசமே வரவில்லை என்று நீங்கள் எழுதியதையும் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் அழுதுவிட்டோம். எனக்கும் என் மூத்தவன் பிறந்தபோது அப்படித்தான் இருந்ததுங்க. யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னதால் மனசு லேசானது.

ஆனாலும் டீச்சர், ஒரேடியாக விட்டுவிட வேண்டுமா? கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

பாப்பாவுக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும்.

வனிதா


சேரங்கோடு
1 ஆகஸ்ட் 2024

வர்ஷா,

இதைக் குன்னூர் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

என் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதம் உனக்குக் கிடைத்ததா?

வேறு கேள்வி இல்லை.

ராஜப்ரியா


குன்னூர்
6 ஆகஸ்ட் 2024

அண்ணி,

கிடைத்தது.

மௌனம் முடிந்த அன்று பிரித்தேன். கிளையை எனக்குத் தருவதாக மாதாஜி அதற்கு முன்பே சொல்லிவிட்டார். மே மாதம் அவர் கேட்டபோது, நீங்கள் எழுதியிருந்ததைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. “அவளே முடியாது என்கிறாளா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது உண்மைதானே.

ஜூன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். காத்திருந்தேன். காத்திருக்கக் காத்திருக்க, மேட்டுப்பாளையத்து வீடுதான் கண் முன்னால் நின்றது. வெறும் சான்றிதழோடு திரும்பினால் அண்ணன் ஆவணியிலேயே பாக்கு வெற்றிலை மாற்றிவிடுவார். உங்களுக்கு வீடு இருக்கிறது, பாப்பா இருக்கிறாள். அண்ணன் இருக்கிறார். எனக்கு மாதாஜி கொடுத்த அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு ஜூன் கடிதம் பற்றித் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். “அவளுக்கும் நல்லதுதான், கொழந்தைய வெச்சுட்டு விடியக்காலைல எந்திரிச்சு எப்படி வகுப்பு எடுப்பா? நான் பக்குவமாச் சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீ எழுதாத” என்றார். பக்குவமாகச் சொல்லும் நாள் வரவே இல்லை. பிறகு உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மௌனத்தை நீட்டித்திருப்பார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நான் தேடாமலே ஒரு பொய் கிடைத்தது. எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் உங்களைப் பற்றிச் சொன்னது கேவலப்படுத்த அல்ல. எல்லோரும் நீங்கள் எங்கே என்றே கேட்டார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. அன்று அதைச் சொன்ன பிறகுதான் பார்த்தார்கள்.

நீங்கள் வந்தால் என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கலாம். மாதாஜியிடம் கேட்டு வாங்கித் தருகிறேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

வர்ஷா


குன்னூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மா,

நேற்று வந்து சேர்ந்தேன். பாப்பாவுக்குப் பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை. கூடலூர் வரை அப்பா மடியில் தூங்கினாள், ஊட்டி வரை என் மடியில். தலைகுந்தாவில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டை போட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியில் வைக்காதே, தேய்த்துக்கொள்.

“ஆடில, கூப்புட ஆளும் வராம, பச்சக் கொழந்தையத் தூக்கிட்டு எவளாச்சும் புருசன் ஊட்டுக்குப் போவாளா?” என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தேன். அவர்கள் அந்த நாட்களைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். வர்ஷாவின் மௌனத்துக்கு மரியாதை கொடுத்தேன். அதற்குள்ளேதான் எல்லாம் நடந்தது. மௌனம் என்றாலே என் கை தானாகக் கும்பிட்டுவிடுகிறது, அம்மா. வேறு யாராக இருந்தாலும் பத்தாம் நாளே என்னடி ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். ஒரு யோகா டீச்சரை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

அவர் கதவைத் திறந்தார். “ஏன் ராஜி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்றார். “நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?” என்றேன். பையை வாங்கிக்கொண்டார். பாப்பாவை வாங்கக் கை நீட்டினார். கொடுத்தேன். அவளுக்கு அப்பாவாயிற்றே.

வர்ஷா அடுக்களையில் இருந்தாள். வெளியே வரவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தது.

இன்று காலை வகுப்பு நேரத்துக்கு முன் பாப்பாவைச் சால்வையில் சுற்றிக்கொண்டு மேலே போனேன். பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வனிதா, “ஐயோ டீச்சர்!” என்று படி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். யாருக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் என்னைப் பற்றி எல்லாம் தெரியும். அவர்கள் முகத்தில் இருந்த அந்தக் கனிவை என்னால் தாங்க முடியவில்லை அம்மா. திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

வர்ஷா வந்தாள்.

“அண்ணி, பாப்பாவுக்குக் குளிருமுங்க. கீழ போய்ப் பேசலாம்.”

“தெற.”

திறந்தாள். உள்ளே போய் முன்னால் உட்கார்ந்தேன். வர்ஷா உட்காரும் இடம் அது. எனக்கு இடது பக்கம் பாப்பாவைப் போட்டேன். வர்ஷா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசி வரிசைக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

“வர்ஷா சொன்னது நான் எழுதினதுதான். அதுக்கு அப்புறம் இன்னொன்னும் எழுதினேன். அத அவ சொல்லல” என்றேன். யாரோ இருமினார்கள். பிறகு வகுப்பை ஆரம்பித்தேன்.

வர்ஷா எல்லாவற்றையும் செய்தாள். ஒரு பிழை இல்லை. தோள், முதுகு, கழுத்து, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி. அந்த ஹாலில் அவள் அளவுக்கு யாரும் நன்றாகச் செய்யவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரையும் பார்க்க முடியவில்லை.

நடுவில் பாப்பா அழுதாள். எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் எல்லோர் முன்னாலும் பால் கொடுத்தேன். பாதியில் நின்ற கைகளோடு அப்படியே இருந்தார்கள்.

முடிந்ததும் சிலர் என் கையைப் பிடித்தார்கள். சிலர் வர்ஷாவிடம் போனார்கள். வனிதா நடுவில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். காலடியில்தான் இருந்தது.

கிளை அவள் பேரில் இருக்கிறது. மாதாஜி என்ன சொல்வாரோ தெரியாது. உன் மாப்பிள்ளை, “ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு வர்ஷா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். “அண்ணி, ஏதாச்சும் பேசுங்க” என்றாள். நான் பேசவில்லை. அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். பயப்படாதே.

அவள் கீழே போன பிறகு ஹாலைக் கூட்டினேன். பாப்பாவுக்குத் துணி மாற்றினேன். பிறகு நாளைக்கும் காலையில் வகுப்பு உண்டு என்று கதவில் எழுதி, என் பெயரைப் போட்டேன்.

ராஜி